திருப்பூர்க்காரர்கள் சோம்பேறிகளா? வங்கதேசக் கணக்கை வைத்து ஒரு பதில்



நீளமான பதிவு. மூலனூரில் பஸ் ஏறியவர்கள் தாராபுரம் வருவதற்குள் படித்து முடிக்கலாம். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று மட்டும் போடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

நமது பழைய மாணவர் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் பத்து நாளாக ஒரே படம் சுற்றுகிறது. இரண்டு கொடிகள். வங்கதேசக் கொடிக்குப் பக்கத்தில் மேலே ஏறும் அம்பு. நம் கொடிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும் அம்பு. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் அவர்கள் நம்மைப்போல் இரண்டரை மடங்கு என்று போட்டு, அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்கள். அங்கே ஆள் வேலை செய்கிறானாம், இங்கே ஆள் உரிமை பேசுகிறானாம், எட்டு மணி நேரச் சட்டத்தை எடுத்தால்தான் திருப்பூர் பிழைக்குமாம். கீழே நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறீர்கள். அதில் பத்துப் பேராவது என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள்.

அந்த நாற்பதுக்கு நடுவே ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இன்று திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டும் பெண் கேட்டிருந்தாள்: "அப்ப நாங்கெல்லாம் சோம்பேறிங்களா?" யாரும் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அவளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இந்தப் பதிவு அவளுக்கான பதில். மற்றவர்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

1. எண் சரிதான். முதலில் அதை ஒப்புக்கொள்வோம்.

2024-25இல் வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 3,935 கோடி டாலர். நம்முடையது சுமார் 1,600 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், இரண்டரை வருகிறது. (செய்தியில் "பில்லியன்" என்று வந்தால் 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். நமது ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் அச்சு அசலாகப் பொருந்தாது, ஆனால் படம் மாறாது.)

இருபது வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. 2005இல் இரண்டு நாடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன, நாம் கொஞ்சம் முன்னால்கூட இருந்தோம். 140 கோடி மக்கள் உள்ள நாட்டை, 17 கோடி மக்கள் உள்ள நாடு இந்த ஒரு தொழிலில் தாண்டிப் போயிருக்கிறது. அவர்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உழைத்திருக்கிறார்கள், அறிவோடு செய்திருக்கிறார்கள்.

எனவே எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த எண்ணுக்குக் கீழே எழுதிய காரணத்தோடுதான் சண்டை.

2. இதே குழு 2024இல் என்ன சொன்னது?

2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனார். மறுநாளே நம் குழுவில் பட்டாசு. "டாக்கா காலி, ஆர்டர் எல்லாம் திருப்பூருக்கு" என்று. ஆர்டர் வந்தது உண்மைதான். நம் நாட்டு ஆடை ஏற்றுமதி அந்த நிதியாண்டில் சுமார் 1,453 கோடி டாலரிலிருந்து 1,600 கோடியை ஒட்டி வந்தது. பத்து சதவீத வளர்ச்சி.

"காலி" ஆன நாடு என்ன செய்தது? சுமார் 3,615 கோடியிலிருந்து 3,935 கோடிக்குப் போனது. ஒன்பது சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி.

இப்போது பாருங்கள். சதவீதத்தில் கேட்டால் நாம் ஜெயித்தோம். கூடுதல் எவ்வளவு என்று கேட்டால், நாம் 146 கோடி டாலர் சேர்த்தபோது அவர்கள் 320 கோடி சேர்த்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே கணக்கு, இரண்டு தலைப்புச் செய்தி. எந்தப் பக்கத்துக்குக் கைதட்ட வேண்டுமோ அந்தப் பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாட்டின் உற்பத்தியை ஒப்பிடும்போது எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 2023-24இலிருந்து பார்த்தால் இந்தியா வளர்கிறது. 2016-17இலிருந்து பார்த்தால் இந்தியா இறங்கியிருக்கிறது. அந்த ஆண்டு நாம் 1,700 கோடி டாலரைத் தாண்டியிருந்தோம். எட்டு வருஷம் கழித்தும் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை. இதை எந்தப் படத்திலும் யாரும் போடவில்லை.

3. ரூபாய்க் கணக்கு காட்டும் வித்தை

"திருப்பூர் 26 ஆயிரம் கோடியிலிருந்து 40 ஆயிரம் கோடிக்கு வந்துவிட்டது" என்று மேடையில் பேசுவார்கள். 2016-17இல் ஏறத்தாழ 26 ஆயிரம் கோடி ரூபாய், 2024-25இல் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி. எண்கள் சரி. பாதிக்கு மேல் வளர்ந்ததாகத் தோன்றும்.

ஆனால் வாங்குகிறவன் டாலரில் தருகிறான். அன்று ஒரு டாலர் 67 ரூபாயை ஒட்டி. 2024-25இல் 84 ரூபாய்க்கு மேல். டாலருக்கு மாற்றினால் 388 கோடி டாலர் 473 கோடி டாலர் ஆகியிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் வளர்ச்சி. மீதி, ரூபாய் இறங்கியதால் வந்த வீக்கம். ஒரு பீஸ்கூட அதிகம் தைக்காமல் வந்த கோடிகள் அவை.

வங்கதேசத்துக் கணக்கும் சுத்தம் இல்லை. 2024 ஜூலையில் அவர்களுடைய மத்திய வங்கியே ஒரு உண்மையை வெளியிட்டது. பத்து மாத மொத்த ஏற்றுமதி 4,747 கோடி டாலர் என்று அவர்களுடைய ஏற்றுமதி அமைப்பு சொல்லியிருந்தது. உண்மையில் 3,367 கோடிதான். கிட்டத்தட்ட 1,380 கோடி டாலர் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது. ஒரே சரக்கை இரண்டு இடத்தில் எழுதியதும் அதற்கு ஒரு காரணம். அதற்கு முந்தைய ஆண்டுக்கு அவர்கள் சொன்ன 4,700 கோடி டாலர் ஆடை ஏற்றுமதி எண்ணை இன்றைக்கும் சில படங்களில் பார்க்கிறேன். அடித்துத் திருத்திய விடைத்தாளை வைத்து முதல் ரேங்க் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

4. ஏற்றுமதி வேறு, உற்பத்தி வேறு, ஊரில் தங்குவது வேறு

வங்கதேசம் ஏற்றுமதி செய்யும் பொருட்களில் 100க்கு 80க்கு மேல் ஆடைதான். நமக்கு 100க்கு 4கூட இல்லை. அவர்களுக்கு அது உயிர்நாடி. அரசு, வங்கி, துறைமுகம் எல்லாம் அந்த ஒரு தொழிலைச் சுற்றி நிற்கின்றன. நம் நாட்டில் ஆடைத் தொழில் வரிசையில் நின்று குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நம் உள்நாட்டுச் சந்தை. திருப்பூரில் தைக்கிற பனியன், ஜட்டி, டி-சர்ட் பீகார் வரைக்கும் போகிறது. அது ஏற்றுமதி எண்ணில் வராது. அந்தப் படத்தைப் பார்த்தால் திருப்பூரில் பாதித் தையல் மிஷின் சும்மா நிற்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவது, பருத்தி. நம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மூட்டையோடு வண்டியில் ஏறிப் போனவர்கள்தானே நீங்கள். அந்தப் பஞ்சு நூலாகி, துணியாகி, சாயமேறி, தைத்து, பெட்டியில் ஏறுகிற வரை எல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே நடக்க முடியும். வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் பேருக்குத்தான். ஏறக்குறைய முழுப் பஞ்சும் வெளியிலிருந்து வருகிறது. அவர்கள் இறக்குமதி செய்யும் நூலிலும் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்தே போகிறது. 100 ரூபாய்க்குச் சட்டை விற்றால், அதில் பஞ்சுக்கும் நூலுக்கும் துணிக்கும் வெளியே கொடுத்தது போக மீதிதான் அவர்கள் நாட்டில் தங்கும். பின்னலாடையில் அவர்கள் உள்ளூரிலேயே நூல் நூற்று அந்தப் பங்கைக் கூட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மொத்த விற்பனையை மட்டும் வைத்து இரண்டு நாட்டை அளப்பது, கடனை எழுதாமல் வரவை மட்டும் எழுதுகிற நோட்டு மாதிரி.

இதில் நாம் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. நூலை அவர்களுக்கு விற்று, அவர்கள் அதைத் தைத்து நம்மைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்றால், வேலைவாய்ப்பு அதிகமுள்ள பாகத்தை நாம் கைவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நூல் மில்லில் ஒரு கோடி ரூபாய்க்கு எத்தனை பேர் வேலை, தையலில் எத்தனை பேர் வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

5. அவர்கள் ஏன் வளர்ந்தார்கள்?

கதை 1978இல் தொடங்குகிறது. வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸ், தென்கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஏறத்தாழ 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் பிறகு சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். பழக்கிய கைகள் ஒரு நாட்டுக்கே விதையாயின.

பிறகு அரசு இரண்டு வேலை செய்தது. ஏற்றுமதிக்கான துணியை வரி கட்டாமல் இறக்கிக் கிடங்கில் வைத்துக்கொள்ள விட்டது. வெளிநாட்டு ஆர்டரைக் காட்டினாலே அதன் பேரில் துணி வாங்க வங்கி கடன் உறுதி தரும் என்று ஏற்பாடு செய்தது. கையில் காசு இல்லாதவனும் நூறு மிஷின் போட முடிந்தது.

அப்போது உலகத்தில் கோட்டா முறை இருந்தது. எந்த நாடு எத்தனை சட்டை அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் அளவு வைத்திருந்தன. கொரியாவுக்கு அளவு முடிந்துவிட்டதால்தான் டேவூ டாக்காவைத் தேடி வந்தது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா போனது. வங்கதேசம் அதோடு விழுந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். விழவில்லை. காரணம் வரி.

மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் அவர்களுக்கு ஆயுதம் தவிர எல்லாவற்றையும் வரியின்றி அனுமதிக்கிறது. 2011இல் விதியை இன்னும் தளர்த்தியது. எங்கிருந்து வந்த துணியானாலும் அங்கே தைத்திருந்தால் போதும், வரி இல்லை. அதே ஐரோப்பாவுக்கு நம் ஆடை போனால் 2025 வரை 9.6 சதவீதம் வரி.

கரும்பலகைக் கணக்கு ஒன்று. ஒரு டி-சர்ட் 4 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிப்படி நம் டி-சர்ட்டுக்கு வாங்குபவர் 38 சென்ட் வரி கட்ட வேண்டும். டாக்கா டி-சர்ட்டுக்குப் பூஜ்யம். 38 சென்ட் என்பது நம் காசில் 35 ரூபாய்க்கு மேல். ஒரு டி-சர்ட் தைக்க டெய்லருக்குப் போகும் பீஸ் ரேட்டை அந்தக் குழுவில் இருக்கும் பவர் டேபிள்காரர்கள் சொல்லட்டும். டெய்லர் கூலியே வாங்காமல் சும்மா தைத்துக் கொடுத்தாலும் அந்த 35 ரூபாய் ஈடாகுமா? இதைச் சொல்லாமல் "நம் ஆள் சோம்பேறி" என்கிறீர்கள்.

6. ஒரே ராத்திரியில் சோம்பேறி ஆனார்களா?

ஐரோப்பா தூரமாகத் தெரிந்தால் 2025ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. மொத்தம் 50. வங்கதேசத்துக்கு அப்போது 20. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர் நின்றது, சில கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது.

ஆகஸ்ட் 26 வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ராத்திரி கம்பெனி வண்டியில் வீடு திரும்பிய பெண், 27ஆம் தேதி காலையில் சோம்பேறி ஆகிவிட்டாளா? அவள் கை அதே கை. மிஷின் அதே மிஷின். மாறியது வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. இரண்டு நாட்டுத் தொழிலை ஒப்பிடுகிறவர்கள் உழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வரியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

7. சம்பளம் ஏறினால் தொழில் போய்விடுமா?

"வங்கதேசம் மாதிரி குறைந்த கூலி" என்கிறீர்களே, அந்தக் குறைந்த கூலிக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பார்ப்போம்.

2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் தொழிற்சாலை தீப்பிடித்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முதல் நாளே தூணில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடைகளும் மூடின. மேல் மாடித் தையல் கம்பெனிகள் மட்டும் மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டன. 1,134 பேர் இறந்தார்கள். உரிமை பேசாமல் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கட்டடம் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான கணக்கு. அந்த விபத்து நடந்தபோது அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா. 2013 கடைசியில் 5,300. 2018இல் 8,000. தெருவில் இறங்கிப் போராடி, உயிரையும் கொடுத்து, 2023 டிசம்பரிலிருந்து 12,500. டாலரில் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. கட்டடம் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், தகுதி இல்லாததை மூடினார்கள். இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் பசுமைச் சான்று பெற்றிருக்கின்றன.

இவ்வளவும் செய்தபோது ஏற்றுமதி விழுந்ததா? 2012-13இல் சுமார் 2,150 கோடி டாலர். 2024-25இல் 3,935 கோடி. சம்பளம் மூன்று மடங்கு ஆன காலத்தில் ஏற்றுமதி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. நீங்கள் உதாரணம் காட்டுகிற நாடே உங்கள் வாதத்தைப் பொய் என்று காட்டுகிறது. கூலி இன்னும் நம்மைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கூலி ஏறினால் தொழில் போய்விடும் என்ற பேச்சு அங்கேயே செல்லவில்லை.

நம் ஊர்ச் சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே முடிந்தது என்றார்கள். அப்போது திருப்பூரின் ஏற்றுமதி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கோடி ரூபாய் அளவுதான். அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கான கோடி வந்தது.

எட்டு மணி நேரச் சட்டத்தை எடுக்கச் சொல்கிறவர்களுக்கு இன்னொரு ஞாபகம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று முதலமைச்சரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்தப் படம் உதவும். ஏற்கெனவே ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி வரை நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று அந்த அரை ஷிப்ட்டுக்குத் தனிக் கூலி உண்டு. சட்டம் போனால் அந்தக் கூலியைக் கேட்க வாய் இருக்காது. சுமங்கலித் திட்டம் என்ற பேரில் வயசுப் பெண்களை மூன்று வருஷம் நூல் மில்லுக்குள் வைத்து, கடைசியில் மொத்தமாகக் காசு என்று சொன்ன காலத்தை நம் பக்கத்து ஊர்கள் மறக்கவில்லை.

8. எண்ணில் வராத செலவு

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று அதைத் தொழிலுக்கு விரோதம் என்று திட்டினார்கள். முத்தூர், வெள்ளகோவில் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், நொய்யல் என்ன ஆனது, ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயத் தண்ணீர்த் தொட்டி ஆயிற்று. அந்தத் தென்னந்தோப்பு நஷ்டம் எந்த ஏற்றுமதி எண்ணிலிருந்தும் கழிக்கப்படவில்லை.

இன்று நம் சாயப்பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். செலவு அதிகம். அவர்களுடைய பின்னலாடை ஊரான நாராயண்கஞ்சில் ஷீதலக்‌ஷா ஆறு சாயத்தால் கெட்டுக் கிடக்கிறது. அவர்கள் விலை குறைவு என்றால், அதில் ஒரு பகுதியை அந்த ஆறு கட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் விலையைக் குறைத்தோம்.

9. அப்படியானால் நம் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தையல்காரி மேல் இல்லை.

ஒன்று, 2000களின் தொடக்கம் வரை ஆடைத் தொழிலைச் சிறுதொழிலுக்கு என்று சட்டத்தால் ஒதுக்கி வைத்திருந்தோம். அவர்கள் ஒரே கூரையின் கீழ் ஆயிரம் மிஷின் போட்ட காலத்தில் நாம் நாற்பது நாற்பதாகப் பிரித்துப் போட்டோம். பெரிய ஆர்டர் எடுக்கும் திறன் அப்படித்தான் அவர்களிடம் போனது. சிறு கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாணவர்கள் பலர் நான்கு பவர் டேபிளில் தொடங்கி முதலாளி ஆனவர்கள். ஆனால் சின்னவர்களுக்குத் தோள் கொடுக்கும் ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை.

இரண்டு, ஐரோப்பாவோடு வரி ஒப்பந்தம் போட 2007இல் பேச்சு தொடங்கியது. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போயாயிற்று. ஒவ்வொரு வருஷமும் அந்த 9.6 சதவீதம் போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்து ஆனது.

மூன்று, பருத்தி விவசாயியையும் கம்பெனியையும் மோத விடுகிறோம். 2025 ஆகஸ்ட் 19 முதல் இறக்குமதிப் பஞ்சின் 11 சதவீத வரியைத் தற்காலிகமாக எடுத்தார்கள். கம்பெனிக்கு மூச்சு விட முடிந்தது. ஆனால் மூலனூர் ஏலத்துக்கு மூட்டை கொண்டு வருகிறவருக்கு? நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் ஆதரவு விலை என்று அறிவித்தார்கள். அந்த விலைக்கு எடுக்க ஆள் வராவிட்டால் அறிவிப்பு காகிதத்தோடு சரி.

நான்கு, வங்கதேசத்தில் இந்தத் தொழில் வேர்விட்டதே கிராமத்துப் பெண்களால்தான். லட்சக்கணக்கான பெண்கள் ஊரை விட்டு வந்து தைத்தார்கள். நம் பெண்கள் வேலைக்குப் போக பாதுகாப்பான விடுதி, குழந்தை காப்பகம், ராத்திரி பஸ் இந்த மூன்றும் இருக்கிறதா? இல்லாதபோது ஆள் பற்றாக்குறை என்று சொல்லி ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஆள் தேடிப் போகிறோம். அங்கிருந்து வந்த பிள்ளைகளையும் இளக்காரமாகப் பேசுகிறோம்.

10. இனி என்ன ஆகும்?

2026 நவம்பர் 24 அன்று வங்கதேசம் மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலிலிருந்து வெளியே வருவதாக நாள் குறிக்கப்பட்டது. ஐரோப்பா இன்னும் மூன்று வருஷம் சலுகை தரும். அதற்குப் பிறகு அவர்களுக்கும் நம் சிரமம் தெரியும். அன்றைக்கு நம் குழுவில் திரும்பவும் பட்டாசு வெடிக்கும். அவர்கள் குழுவில் யாராவது "நம் ஆட்கள் சோம்பேறி, இந்தியாக்காரனைப் பார்" என்று படம் போடுவார்கள். அங்கேயும் ஒரு ஓவர்லாக் பெண் இதே கேள்வியைக் கேட்பாள்.

1947 வரை நாமும் அவர்களும் ஒரே நாடு. திருப்பூருக்குப் பின்னல் மிஷின் முதலில் கல்கத்தாவிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாராயண்கஞ்சிலும் பிரிவினைக்கு முன்பே பனியன் தொழில் உண்டு. இரண்டு ஊரையும் மோத விட்டு, யார் ஒரு சென்ட் குறைவாகத் தைப்பார் என்று பார்க்கிறவன் மூன்றாவது ஆள். அவன் ஊரில் அந்த டி-சர்ட் என்ன விலைக்கு விற்கிறது என்று வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் கமெண்டில் போடுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். வாங்காமல் விட மாட்டேன்.

இனி இரண்டு நாட்டை ஒப்பிடும் படம் வந்தால், அனுப்புவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? ரூபாயா, டாலரா? ஏற்றுமதியா, மொத்த உற்பத்தியா? வெளியிலிருந்து வாங்கிய பஞ்சும் துணியும் கழித்தாயிற்றா? இரண்டு பேருக்கும் ஒரே வரியா? ஐந்துக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தப் படத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியாக இருக்கும் மாணவர்களுக்கு: வரியைக் குறைக்கச் சொல்லி டெல்லியிடம் கேளுங்கள், கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். அங்கே கேட்க முடியாததைச் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் கைவைத்து ஈடுகட்டாதீர்கள்.

அந்தக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு: நீ சோம்பேறி இல்லை கண்ணு. உன் கணக்குத்தான் சரி. கை கூப்பின நாற்பது பேரும் விடையை எழுதிவிட்டுப் பிறகு கணக்குப் போட்டவர்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எண்ணோடு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மூலனூர்.